12 இடங்கள், 31 விண்ணப்பங்கள்: எந்த நியாயத்தை எடுத்துக்கொள்வது?

எங்கள் ஊர் அறக்கட்டளை ஒன்று இலவச டயாலிசிஸ் மையம் தொடங்கவிருக்கிறது. இயந்திரங்கள் மூன்று. ஒருவருக்கு ஒரு தடவைக்கு நான்கு மணி நேரம் ஆகும். அதன் பிறகு இயந்திரத்தைச் சுத்தம் செய்து அடுத்தவருக்குத் தயாராக்க வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, வாரத்துக்கு ஆறு நாள் என்றால் மொத்தம் 36 தடவை வருகிறது. ஆளுக்கு வாரம் மூன்று என்று கொடுத்தால் 12 பேருக்குப் போதும். வந்திருக்கும் விண்ணப்பங்கள் 31.

யாரைச் சேர்ப்பது என்பதற்கு விதி எழுதித் தரும் வேலை என்னிடம் வந்தது. நான் மருத்துவம் படித்தவன் அல்ல. கல்லூரியில் அறவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். "நியாயம் என்றால் என்ன என்று முப்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறீர்கள், சார். இப்போது எங்களுக்கு ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்" என்றார் தலைவர். அந்த ஒரு பக்கத்துக்காக இரண்டு மாதம் படித்ததையும் யோசித்ததையும் இங்கே வைக்கிறேன். இதே நிலையில் இன்னொரு ஊரில் யாராவது உட்கார்ந்திருக்கக்கூடும்.

முதல் கூட்டத்தில் எல்லோர் வாயிலும் ஒரே சொல்தான். பிள்ளைகுட்டிக்காரருக்கு முதலில் கொடுப்பதுதான் நியாயம் என்றார் ஒருவர். யாருக்குப் பலன் அதிகமோ அவருக்குக் கொடுப்பதுதான் நியாயம் என்றார் மருத்துவர். சீட்டுக் குலுக்கிப் போடுவதுதான் நியாயம் என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பெருந்தொகை கொடுத்த ஒருவர், தாம் கைகாட்டும் ஆளுக்கு எப்போதும் ஓர் இடம் வேண்டும், அதுதான் நியாயம் என்று கடிதம் அனுப்பியிருந்தார்.

தமிழில் இந்தச் சொல் ரொம்பத் தாராளமானது. நீதியும் நியாயம்தான், தர்க்கமும் நியாயம்தான், கட்டுப்படியாகும் விலையும் நியாய விலைதான். அரசியலமைப்புச் சட்டத்தின் 19ஆவது பிரிவில் வரும் கட்டுப்பாடுகளும் "நியாயமான" கட்டுப்பாடுகளே. ஆங்கிலத்தில் எழுதும் தத்துவக்காரர்கள் இந்த ஒரே மூட்டையை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: ஜஸ்ட் (நீதியானது), ரேஷனல் (தன் நோக்கத்துக்கு ஏற்றது), ரீசனபிள் (மற்றவர்களும் ஏற்கக்கூடியது). இவற்றில் பின்னிரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் எங்கள் கூட்டத்துச் சண்டையில் பாதி தெளிந்துவிடும்.

குடும்பஸ்தருக்கு முதலிடம் என்ற யோசனையை ஒரு நகரம் உண்மையிலேயே நடத்திப் பார்த்திருக்கிறது. 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் என்ற மருத்துவர், நோயாளியின் கையிலேயே விட்டுவைக்கக்கூடிய டெஃப்லான் குழாயை உருவாக்கினார். அதற்கு முன்பு ஒவ்வொரு தடவையும் ரத்தக்குழாயைப் புதிதாகத் திறக்க வேண்டியிருந்தது. ஆகவே சிறுநீரகம் நிரந்தரமாகச் செயலிழந்தவர்களுக்கு டயாலிசிஸால் பயனில்லாமல் இருந்தது. குழாய் வந்தவுடன் அவர்கள் பல ஆண்டுகள் வாழ முடியும் என்றாயிற்று. இயந்திரங்களோ ஒரு சில. முதலில் மருத்துவர்கள் வடிகட்டினார்கள். மிஞ்சியவர்களில் யாரைச் சேர்ப்பது என்று தீர்மானிக்க ஏழு பேர் கொண்ட குழு அமைந்தது: ஒரு வழக்கறிஞர், ஒரு பாதிரியார், ஒரு வங்கியாளர், ஓர் இல்லத்தரசி, ஓர் அரசு அதிகாரி, ஒரு தொழிற்சங்கத் தலைவர், ஓர் அறுவை மருத்துவர். அவர்களுடைய பெயர்கள் வெளியே தெரியாது. வயது, மணமானவரா, எத்தனை பிள்ளைகள், வருமானம், சொத்து, படிப்பு, தொழில், இனி என்ன சாதிப்பார் என்றெல்லாம் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்.

1962 நவம்பரில் லைஃப் பத்திரிகை இதை எழுதியபோது நாடே அதிர்ந்தது. அந்த ஏழு பேரும் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. சம்பளம் வாங்காமல், தூக்கம் கெட்டுச் செய்த வேலையாகத்தான் அது இருந்திருக்கும். ஆனால் "பயனுள்ள வாழ்க்கை எது" என்று கேட்டுக்கொண்டபோது அவர்களுக்குக் கிடைத்த விடை தங்கள் வாழ்க்கையைப் போன்ற வாழ்க்கை. தனியாகக் காட்டில் குடிசை போட்டு வாழ்ந்த எழுத்தாளர் தோரோவைப் போன்ற ஒருவருக்குச் சிறுநீரகம் கெட்டால் அந்த வட்டாரத்தில் அவருக்குப் பிழைப்பில்லை என்று 1968இல் ஒரு சட்டப் பேராசிரியரும் ஒரு மனநல மருத்துவரும் சேர்ந்து எழுதினார்கள். எங்கள் 31 விண்ணப்பங்களில் மணமாகாத ஒரு தையற்காரப் பெண்மணியும் இருக்கிறார். அவரிடம் "உங்களை நம்பி யாரும் இல்லை, அதனால் இடமில்லை" என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா என்று குழுவில் கேட்டேன். யோசனை சொன்னவரே தலையைக் குனிந்துகொண்டார். இந்த வழியை அத்துடன் விட்டுவிட்டோம்.

மருத்துவர் சொன்ன வழி இதைவிடக் கௌரவமானது. ஆளின் மதிப்பைப் பார்க்காமல் சிகிச்சையின் பலனை மட்டும் பார்க்கிறது. எத்தனை ஆண்டுகள், என்ன தரத்தில், என்ன செலவில் என்று கூட்டிப் பார்த்து, கூட்டுத்தொகை எதில் அதிகமோ அதைச் செய்வது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தில் இதை முயன்றது. 1990இல் வெளியிட்ட முதல் பட்டியலில் 1,600க்கும் மேற்பட்ட நோய்–சிகிச்சை இணைகளைச் செலவுக்கும் பலனுக்கும் உள்ள விகிதப்படி வரிசைப்படுத்தினார்கள். பல்லுக்குத் தொப்பி போடுவது, கருக்குழாயில் தங்கிவிட்ட கருவுக்கான அறுவைசிகிச்சைக்கு மேலே வந்துவிட்டது. பல் சிகிச்சைக்குச் செலவு கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைப் பல பேருக்குச் செய்யலாம். கூட்டல் சரிதான். பெண் செத்துப்போவாள், அவ்வளவுதான். மாநிலமே வெட்கப்பட்டு அந்தப் பட்டியலைத் திரும்பப் பெற்று வேறு முறையில் தயாரித்தது.

கூட்டலில் எங்கே பிசகு என்பதற்கு ஹார்வர்டின் தத்துவவாதி தாமஸ் ஸ்கேன்லன் 1998இல் சொன்ன உதாரணம் எனக்கு இன்றும் பொருத்தமாகப் படுகிறது. உலகக் கோப்பைக் கால்பந்து ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கிறது. ஒளிபரப்பு நிலையத்தில் ஒருவர் கருவிக்கு அடியில் சிக்கி மின்னதிர்ச்சியில் துடிக்கிறார். அவரை விடுவிக்க வேண்டுமானால் ஒளிபரப்பைச் சிறிது நேரம் நிறுத்த வேண்டும். கோடிக்கணக்கானவர்களின் மகிழ்ச்சி கெடும். எத்தனை கோடிப் பேர் பார்த்தாலும் நிறுத்துவதுதான் சரி. ஏனென்றால் பார்ப்பவர்களில் ஒவ்வொருவரையும் தனித்தனியாக எழுப்பி "உன் குறை என்ன" என்று கேட்டால், எந்த ஒருவரின் குறையும் அடியில் கிடப்பவரின் குறைக்கு அருகில்கூட வராது. குறைகளைக் கூட்டக் கூடாது, ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும் என்கிறார் அவர். நீதியைப் பற்றிப் படித்தவற்றில் என்னை மிகவும் மாற்றிய கருத்து இது.

அதை எங்கள் விதிக்கு எப்படிப் பயன்படுத்தினேன் என்று சொல்வதற்கு முன் நன்கொடையாளர் கடிதத்தை முடித்துவிடுகிறேன், ஏனென்றால் ரேஷனலுக்கும் ரீசனபிளுக்கும் உள்ள வேறுபாடு அதில்தான் பளிச்சென்று தெரிகிறது. அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ் இதை 1993இல் விரிவாக எழுதினார். தன் நோக்கம் எதுவோ அதை அடையச் சரியான வழியைத் தேர்ந்தெடுப்பவர் ரேஷனல். அதில் குற்றமில்லை. மற்றவர்களும் கடைப்பிடிப்பார்கள் என்றால் தானும் கடைப்பிடிக்கத் தயார் என்று சொல்லி, எல்லோரும் ஏற்கக்கூடிய நிபந்தனைகளை முன்வைப்பவர் ரீசனபிள். கையில் பலம் இருப்பவர் அந்தப் பலத்தைக் கொண்டு பேரம் பேசுவது ரேஷனல்தான். அதே சமயம் கொஞ்சமும் நியாயமற்றதாக இருக்கலாம். எங்கள் நன்கொடையாளர் மூடர் அல்லர். தன் பணத்துக்கு என்ன கிடைக்கும் என்று சரியாகவே கணக்கிட்டிருக்கிறார். ஆனால் அவர் கேட்பதை எல்லா நன்கொடையாளர்களும் கேட்டால் மையமே இருக்காது என்பது அவருக்கும் தெரியும். ஒன்று அவரும் பொது விதிக்குள் வர வேண்டும், அல்லது அவருடைய தொகை இல்லாமல் இரண்டு இயந்திரங்களோடு தொடங்க வேண்டும் என்று குழுவிடம் சொன்னேன். அதற்குக் குழு ஒப்புக்கொண்டது; நானே எதிர்பார்க்கவில்லை.

ரால்ஸை அப்படியே எடுத்து எங்கள் விதியில் ஒட்ட முடியாது. ஒரு சமூகத்தின் அடித்தளத்தைப் பற்றியே அவர் எழுதினார். அதிலும் எல்லோரும் வாழ்நாள் முழுவதும் உடல்நலத்தோடு ஒத்துழைக்கக் கூடியவர்கள் என்று வைத்துக்கொண்டு தொடங்கினார். நோயை ஒதுக்கிவைத்துவிட்டுத் தொடங்கிய கோட்பாட்டிடம் டயாலிசிஸுக்கு வழி கேட்பது முறையாகாது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அந்த ஒரு வேறுபாட்டைத்தான். அது எவ்வளவு கனமானது என்பதை டர்பனில் பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 41 வயதான ஒருவர் இருந்தார். வழக்கு ஆவணங்களில் தியாக்ராஜ் சூப்ரமொனி என்று பெயர். காலனி எழுத்துமுறையைக் கழற்றிப் பார்த்தால் தியாகராஜ் சுப்பிரமணி. நமக்கு விளக்கம் தேவையில்லை. சர்க்கரை நோய், இதய நோய், பக்கவாதம், அத்துடன் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. கையிருப்பு தீரும்வரை தனியாரிடம் டயாலிசிஸ் செய்துகொண்டார். பிறகு அடிங்டன் அரசு மருத்துவமனையை அணுகினார். அங்கே 20 இயந்திரங்கள், அவற்றில் சில பழுதானவை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கே நீடித்த டயாலிசிஸ் என்பது விதி. இதய நோய் இருந்ததால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. வழக்கு அரசியலமைப்பு நீதிமன்றம் வரை சென்றது. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று அந்நாட்டு அரசியலமைப்பின் 27ஆவது பிரிவு சொல்கிறது. ஆனால் தொடர்ந்து தேவைப்படும் டயாலிசிஸ் அவசர சிகிச்சை ஆகாது என்று 1997 நவம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. பொறுப்பில் உள்ளவர்கள் நல்லெண்ணத்தோடு எடுத்த ரேஷனலான முடிவுகளில் நீதிமன்றம் எளிதில் தலையிடாது என்றார்கள் நீதிபதிகள். விரைவிலேயே அவர் இறந்துவிட்டார்.

அந்த வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்றும் எடுத்துக்காட்டப்பட்டது. மேற்கு வங்கத்தில் ரயிலிலிருந்து விழுந்து அடிபட்ட ஒரு விவசாயத் தொழிலாளியை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. பணமில்லை என்பதைக் காரணமாகச் சொல்லி அரசு தப்பிக்க முடியாது என்றது நம் நீதிமன்றம். அது திடீர் விபத்து, இது நீடித்த நோய் என்று தென்னாப்பிரிக்க நீதிபதிகள் வேறுபடுத்திவிட்டார்கள்.

மூன்றே ஆண்டுகளில் அதே நீதிமன்றம் வேறு சொல்லைக் கையில் எடுத்தது. கேப் டவுன் அருகே வாலஸ்டீனில் குடிசைகள் இடிக்கப்பட்டு விளையாட்டு மைதானத்தில் தஞ்சம் புகுந்த மக்கள் ஐரீன் குரூட்பூம் என்ற பெண்ணின் பெயரில் வழக்குப் போட்டார்கள். வீட்டுவசதித் திட்டத்தில் அரசு ரேஷனலாகச் செயல்பட்டதா என்பதோடு நீதிமன்றம் நிற்கவில்லை. நீண்டகாலத் திட்டம் எவ்வளவு நன்றாக இருந்தாலும், இன்று இரவு தலைக்குமேல் கூரையில்லாதவருக்கு அதில் ஒன்றுமே இல்லையென்றால் அது ரீசனபிள் அல்ல என்று 2000 அக்டோபரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதிய ஜாக் யாக்கூப் சிறுவயதிலேயே பார்வை இழந்தவர், அவரும் டர்பன்காரர். 2002இல் தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதைத் தடுக்கும் நெவிரபின் மருந்தை மாகாணத்துக்கு இரண்டு மையங்களில் மட்டும் கொடுப்போம் என்ற கொள்கையும் இதே அளவுகோலில் தோற்றது. மருந்தை ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகத் தர நிறுவனம் முன்வந்திருந்தது. மறுப்பதற்குச் சொல்லத்தக்க காரணம் அரசிடம் இல்லை.

டர்பன் வழக்கில் கேட்கப்படாத கேள்வியும் இதுதான் என்று நினைக்கிறேன். 20 இயந்திரங்கள் என்பதை எல்லோரும் வானிலை போல எடுத்துக்கொண்டார்கள். இருபதை எப்படிப் பங்கிடுவது என்று கேட்டார்கள். ஏன் இருபது என்று அழுத்திக் கேட்கவில்லை. இன்னொன்றையும் மறைக்கக் கூடாது: வழக்கில் வென்ற ஐரீன் குரூட்பூம் 2008இல் இறந்தபோது அவருக்கு வீடு கிடைத்திருக்கவில்லை. நீதிமன்றத்தின் நியாயம் கொள்கையைத் திருத்தச் சொல்லும். சாவியைக் கையில் கொடுக்காது.

மீண்டும் ஸ்கேன்லன். அவருடைய அளவுகோலை ஒரே வரியில் சொல்லலாம்: யாரும் நியாயமாக மறுக்க முடியாத விதியே சரியான விதி. எங்கள் குழுவில் இதைச் சொன்னவுடன் தலைமையாசிரியர் மடக்கினார். "இடம் கிடைக்காத 19 பேரும் சாகப்போகிறவர்கள். அவர்களில் எவர் எந்த விதியை ஒப்புக்கொள்வார்?" நல்ல கேள்வி, இரண்டு நாள் என்னை உலுக்கியது. நான் கண்ட விடை இது. எந்த விதி போட்டாலும் 19 பேர் வெளியே நிற்பார்கள். ஆகவே "நான் வெளியே நிற்கிறேன்" என்ற குறை, எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒரு விதியை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டாது. மிஞ்சுவது "எந்தக் காரணத்துக்காக நிறுத்தப்பட்டேன்" என்ற குறை. பிள்ளை இல்லை என்பதற்காக, பணக்காரரைத் தெரியாது என்பதற்காக நிறுத்தப்பட்டவரின் குறை அப்படியே நிற்கும். சீட்டில் பெயர் வரவில்லை என்பவருக்கு அழுகை இருக்கும், ஆனால் அவமானம் இராது.

இந்த அளவுகோல் சுற்றிச் சுற்றி வருகிறது, நியாயம் எது என்று கேட்டால் நியாயமாக மறுக்க முடியாதது என்கிறது என்று விமர்சகர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனாலும் குழுவில் உட்கார்ந்து பார்த்த எனக்கு அது வெறும் சுற்றாகத் தோன்றவில்லை. ஒவ்வொரு யோசனைக்கும் எதிரே ஒரு மனிதரை உட்காரவைத்துப் பேச வைத்தது.

வந்த வரிசைப்படி கொடுப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: செய்தி முதலில் எட்டுவது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கு, மலையடிவாரத்தில் இருப்பவருக்கு அல்ல. வரிசை சமமாகத் தோன்றும், சமமாக இருப்பதில்லை.

கடைசி வழி நார்மன் டேனியல்ஸ் என்ற தத்துவவாதியும் ஜேம்ஸ் சாபின் என்ற மருத்துவரும் 1997இல் முன்வைத்தது. எந்த விதி சரி என்பதில் நல்லெண்ணம் உள்ளவர்களே ஒத்துப்போக மாட்டார்கள். ஆகவே முடிவெடுக்கும் முறைக்கு நான்கு நிபந்தனைகளை வைத்தார்கள்: காரணம் பகிரங்கமாக இருக்க வேண்டும், நேர்மனம் உள்ள எவரும் பொருத்தமானது என்று ஏற்கும் காரணமாக இருக்க வேண்டும், மேல்முறையீட்டுக்கும் திருத்தத்துக்கும் வழி வேண்டும், இவை மூன்றும் நடக்கின்றனவா என்று பார்க்க ஒரு கண்காணிப்பு வேண்டும். சியாட்டில் குழு முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும்.

இதன் பலவீனத்தையும் நான் நேரில் கண்டிருக்கிறேன். என் சித்தப்பாவுக்கு டயாலிசிஸ் தேவைப்பட்ட நாட்களில் ஒரு மருத்துவமனையில் படிவங்கள் எல்லாம் ஒழுங்காக இருந்தன, மேல்முறையீட்டுக்குப் பெட்டிகூட இருந்தது. "இடமில்லை" என்ற பதில் மட்டும் மாறவேயில்லை, காரணமும் வரவில்லை. முறை இருந்துவிட்டால் மனசாட்சிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்ற சபலம் எல்லா அலுவலகங்களுக்கும் உண்டு. அதனால் டேனியல்ஸ், சாபின் முறையைத் தனியாக எடுக்க நான் தயாராக இல்லை. முறை அவர்களுடையது, "பொருத்தமான காரணம்" எது என்று அளக்கும் கோல் ஸ்கேன்லனுடையது. இரண்டையும் சேர்த்துத்தான் வரைவு எழுதினேன்.

டயாலிசிஸால் உயிர் நீடிக்கும் என்று சிறுநீரக மருத்துவர் எழுத்தில் சொன்னால் போதும். யாருக்கு எத்தனை ஆண்டு என்று தரவரிசை கிடையாது. காப்பீட்டின் மூலமோ சொந்தச் செலவிலோ வேறிடத்தில் சிகிச்சை பெற முடிந்தவர்கள் காத்திருக்க வேண்டும். மீதிப் பேருக்கு எல்லோர் முன்னிலையிலும் சீட்டு. இடம் கிடைக்காதவருக்குக் காரணம் எழுத்தில், தமிழில், கையில் கொடுக்கப்படும். மேல்முறையீட்டைக் குழுவுக்கு வெளியே உள்ள ஒருவர் கேட்பார். டர்பன் விதியைப் போல மாற்றுச் சிறுநீரகத்துக்குத் தகுதியானவர்களை முன்னால் வைக்கலாமா என்று மருத்துவர் கேட்டார். அவர்கள் அறுவைசிகிச்சை முடிந்து போய்விட்டால் இடம் காலியாகும், இன்னொருவர் பிழைப்பார். அந்தக் காரணத்தில் கனம் உண்டு. ஆனால் எங்கள் பக்கத்தில் அந்த அறுவைசிகிச்சை வரை போகிறவர் யார்? சிறுநீரகம் கொடுக்க உறவினரும், செலவுக்குப் பணமும் உள்ளவர். முன்வாசலில் தடுத்த குடும்பக் கணக்கும் பணக் கணக்கும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடும். வேண்டாம் என்றேன். மருத்துவர் முழுமனதாக ஒப்பவில்லை. அவருடைய மறுப்பையும் வரைவின் அடியில் சேர்த்திருக்கிறேன்.

ஏன் மூன்று இயந்திரங்கள்தான், நான்காவது ஏன் இல்லை என்று குழு ஆண்டுக்கொரு முறை நன்கொடையாளர்களுக்கும் காத்திருப்பவர்களுக்கும் கணக்கோடு பதில் எழுத வேண்டும் என்பதையும் விதியாக்கியிருக்கிறேன். அது டர்பனிடம் கற்றது.

ஒரே ஒரு வரி மட்டும் காலியாக இருக்கிறது. வாரம் மூன்று தடவை என்பதுதான் மருத்துவர்கள் விரும்பும் அளவு. நம் நாட்டில் பலர் இரண்டு தடவையோடு காலம் தள்ளுகிறார்கள். இரண்டாகக் குறைத்தால் 12 பேருக்குப் பதில் 18 பேரைச் சேர்க்கலாம். உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சு வாங்கும், கால் வீங்கும், தண்ணீரை இன்னும் அளந்து குடிக்க வேண்டியிருக்கும். வெளியே இருக்கும் ஆறு பேருக்கு உயிர். ஸ்கேன்லன் கோலில் வைத்தால் ஆறு பேர் பக்கம் சாய்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அந்த மூச்சு என் மூச்சு அல்ல. வரும் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு விண்ணப்பித்த 31 பேரையும், வர முடியாதவர்களின் வீட்டாரையும் அழைக்கச் சொல்லியிருக்கிறேன். சீட்டு எடுப்பதற்கு முன்பு, யார் உள்ளே யார் வெளியே என்று ஒருவருக்கும் தெரியாதபோதே, அந்த வரியை அவர்கள் சொல்ல நான் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.